ஒரு கால் குறைந்த அபாயம்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் யாரையும் நிம்மதியாக ஒரு வாழைப்பழம் தின்னவிடாத ஒரே மனிதர் அபாயம் அண்ணாச்சிதான். நாம் உரித்து முடிப்பதற்குள், "தோலு! அபாயம்!" என்று எங்கிருந்தாவது குரல் வந்துவிடும்.

புளியங்குடி ரோட்டில் எங்கள் நூல் மில். டிப்ளமா முடித்த சூட்டோடு நான் அங்கே பாதுகாப்பு சூப்பர்வைசர். அண்ணாச்சி பஞ்சு சீவுகிற கார்டிங் மிஷின்காரர். வலது கையில் இரண்டு விரலை அந்தப் பழைய மிஷினுக்கே கொடுத்தவர். மீதி மூன்றைப் புது ஆட்களின் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"ரெண்டு எங்கன போச்சுன்னு கேளும் வே!"

கேட்காதவனை விடமாட்டார். கேட்டவனையும் விடமாட்டார். அந்த ஷெட்டில் இன்னொரு விரல் போகக்கூடாது. அவருக்கு இருந்த ஒரே வேண்டுதல் அதுதான்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மிஷினுக்கு மேலே புது எச்சரிக்கைப் பலகை மாட்டினோம். நில் என்று நிமிர்த்திய சிவப்பு உள்ளங்கை, கீழே கொட்டை எழுத்தில் 'அபாயம்'. பெயிண்டர் நடுவில் ஒரு காலை விட்டுவிட்டார். 'அபயம்' ஆகிவிட்டது. கை வேறு சாமி ஆசீர்வதிக்கிற தோரணையில். கேட்க வேண்டுமா? பூஜையன்று சந்தனம், குங்குமம். மறுநாளிலிருந்து பூ. ஷிப்டுக்கு வருகிறவர்கள் பலகையைக் கும்பிட்டுவிட்டுத்தான் மிஷினைத் தொட்டார்கள்.

அண்ணாச்சி கொதித்துப்போனார். "சார், கைய விடாதன்னு சொல்ல வேண்டிய போர்டு, பயப்படாம வா, நான் இருக்கேன்னுல்லா சொல்லுது! காலப் போடச் சொல்லுங்க."

"நாளைக்குப் பெயிண்டர் வருவாரு அண்ணாச்சி."

"நாளைக்குன்னா மிஷினுக்குத் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பலகையைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். ஊரே சிரித்தது. பெயிண்டர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

எட்டாம் நாள், புதிதாகச் சேர்ந்த செல்வி பலகையைக் கும்பிட்டாள். ஓடுகிற மிஷினின் மூடியைத் திறந்தாள். சிக்கிய பஞ்சை எடுக்கக் கையை நீட்டினாள். "ஏட்டி!" என்று ஒரு கத்தல். அண்ணாச்சி பாய்ந்து அவளைத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் அவருடைய இடது கை உள்ளே போய்விட்டது.

அன்று மாலை நானே ஏணியில் ஏறி அந்தக் காலைப் போட்டேன். இரண்டு நிமிஷ வேலை.

மூன்றாம் நாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது கை மணிக்கட்டோடு போயிருந்தது. வலது கையில் குளுக்கோஸ் ஊசி. மன்னிப்புக் கேட்க பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"அந்தப் புள்ளைக்குப் பத்தும் இருக்குல்லா?"

"இருக்கு அண்ணாச்சி."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

அதற்குப் பிறகுதான் டீ கேட்டார். டம்ளரை அவர் வாயருகே பிடித்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடு மக்கா," என்றார். "பாத்துப் பிடி."