மண்ணுக்கு நாடி பார்த்த மகராஜ்

அந்த வருஷம் சிகடோகா ஆற்றுப் பள்ளத்தாக்கில் மிளகாயை விட மகராஜ்தான் அமோகமாக விளைந்தார்.

மண்ணுக்கே நாடி பார்க்கும் சாமியாராம்! குப்புறப் படுத்து, தரையில் காதை வைத்து, "அம்மாவுக்குக் காய்ச்சல்" என்பார். மனிதனுக்கு நாடி பார்க்க ஆள் கிடைக்காத இடத்தில் மண்ணுக்கு வைத்தியர் வந்தால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? லாரியிலும் குதிரையிலும் வந்து இறங்கினார்கள். இந்துக்களுக்கு அவர் காசுக்குத் தரும் தூள் பூமித்தாயின் பிரசாதம். தேவாலயம் போகிறவர்களுக்கு ஆசீர்வதித்த உப்பு. தொழுகைக்குப் போகிறவர்களுக்கு ஓதிய மருந்து. மூட்டை மட்டும் ஒன்றுதான்.

அவருடைய அற்புதத்தையும் கேளுங்கள். பித்தளைச் சொம்பில் ஆற்றுத் தண்ணீர் எடுத்து, மஞ்சள் வாடை வீசும் அந்தத் தூளை இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்குவார். விரலை விட்டால் உச்சிவெயிலிலும் தண்ணீர் ஜில்லென்று இருக்கும்.

"அம்மா குளிர்ந்துட்டா! கடை உரம் விஷம். கோழி எரு தீட்டு. இனிமே இந்தத் தூள்தான் அவளுக்குச் சாப்பாடு!"

ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பிந்தேஷ்வரியும் நம்பினாள். புருஷன் போனபிறகு போங்கோ ரக மிளகாய்த் தோட்டம் ஒன்றுதான் அவளுக்குச் சோறு போட்டது. கோழிகளை விற்றாள். எருக்குவியலை ஆற்றில் தள்ளினாள். தவறாமல் தூள் தூவினாள். செடி இடுப்புக்கு மேல் கரும்பச்சையாக வளர்ந்து நின்றது. காய்தான் இல்லை. பூத்த பூவெல்லாம் கொட்டியது. மண் பொருக்குத் தட்டி இறுகியது.

அவள் போய் முறையிட்டதும் மகராஜ் கண்ணை மூடித் திறந்தார். "உன் காயெல்லாம் வேலி தாண்டிப் போயிருக்கு மகளே. பக்கத்துத் தோட்டத்தான் இழுத்துக்கிட்டான். அடுத்த பூசையில மூணு மடங்கு தூள் தரேன், போடு. திரும்பி வந்துடும்."

பக்கத்துத் தோட்டம் விலிமோனேயுடையது. அவனிடம் ஒரு எருது, இவளிடம் ஒரு எருது. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டித்தான் இரண்டு தோட்டத்தையும் உழுவார்கள். அவன் செடிகள் குட்டை, ஆனால் செக்கச்செவேலென்று காய். திருட்டுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? பிந்தேஷ்வரி தன் எருதை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆளுக்கொரு ஒற்றை எருதை வைத்துக்கொண்டு, உழ முடியாமல் இரண்டு பேரும் மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

பூசையன்று விலிமோனேயே வந்து நின்றான். கையில் இரண்டு எனாமல் கிண்ணம், இரண்டிலும் அப்போதுதான் தூள் கரைத்த தண்ணீர்.

"மகராஜ், நான்தான் காய்த் திருடன். ஒத்துக்கறேன்."

கூட்டம் "ஆகா!" என்றது. மகராஜுக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

"இதுல ஒரு கிண்ணத்துல உங்க அம்மாவோட தூள். இன்னொண்ணுல பேய் எனக்குக் குடுத்த தூள். எது எதுன்னு மறந்துபோச்சு. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

இத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? மகராஜ் இரண்டிலும் விரலை விட்டார். இரண்டும் ஜில்லென்று இருந்தன. மூச்சை இழுத்து, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினார்.

"இது அம்மா! அது பேய்! கொண்டுபோய்க் கொட்டு!"

விலிமோனே சிரித்துக்கொண்டே குதிரையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினான். யூரியா. சிகடோகா டவுன் உரக்கடையில் வாங்கியது. "ரெண்டும் இதுல அள்ளி மஞ்சள் கலந்ததுதான் மகராஜ். எந்தப் பிடியில அம்மா, எந்தப் பிடியில பேய்?"

"அபச்சாரம்! என் தூளும் இதுவும் ஒண்ணா?" என்று மகராஜ் குதித்தார்.

பதில் சொன்னது பிந்தேஷ்வரி. மடியிலிருந்த பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்து, வெறுந்தண்ணீரில் கொட்டிக் கலக்கி, விரலை விட்டாள். அதே ஜில். அவள் முகம் சிவந்தது.

"கடை உரம் விஷம்னு சொல்லிக் கடை உரத்தையே இடிச்சு மஞ்சள் போட்டு வித்தியா? விலிமோனே அண்ணே, என் செடி ஏன் காய்க்கல?"

"யூரியாவை மட்டும் கொட்டினா இலைதான் வரும் தங்கச்சி. மூணு மடங்கு போட்டிருந்தா வேரே கருகியிருக்கும். நான் கோழி எருவும் போட்டேன், கடை உரமும் போட்டேன், அளவா. மண்ணைக் குடுத்தா என்ன குறையுதுன்னு பார்த்துச் சொல்ல விவசாய ஆபீஸ் இருக்கு. அங்க யாரும் குப்புறப் படுக்க மாட்டாங்க."

மகராஜ் எப்போது வண்டியேறினார் என்று யாரும் பார்க்கவில்லை. சொம்பு மட்டும் கிடந்தது.

"இருந்தாலும் குளிர்ந்துச்சே!" என்றார் ஒரு பக்தர், இன்னும் கைகூப்பியபடி.

பிந்தேஷ்வரி திரும்பினாள். "போன வருஷம் வாளியில யூரியா கரைச்சப்போ உங்க கை குளிரலையா? அந்த வாளியை ஏன் கும்பிடல?"

பக்தர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் இரண்டு எருதும் ஒரே நுகத்தில் நின்றன. நம் ஊர் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குளிர்ந்ததும் கும்பிட்டோம். காய் காணோம் என்றதும் பக்கத்து வீட்டுக்காரனைத் திருடன் என்றோம். ஏன் குளிர்ந்தது என்று ஒருத்தராவது கேட்டிருந்தால் மகராஜ் அன்றே வண்டியேறியிருப்பார். அடுத்த மகராஜ் வருவார். கும்பிடுவதற்கு முன்னால் கேட்டுத் தொலையுங்கள்!