ஆள் வேலை செய்கிறார்

சமையலறை சுவிட்சை மெயினை அணைக்காமலே மாற்றிவிடுவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை தீர்மானித்தேன்.

நான் இதைச் செய்யக்கூடாதவன். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். கரன்ட் உள்ள வயரில் கை வைக்காதே என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். மாதம் ஒரு கிளாஸ் உண்டு. மெயினை அணை, பூட்டு போடு, டெஸ்டர் வைத்துப் பார், பிறகு தொடு. நடுவில் போன் பேசாதே. பூட்டோடு 'அபாயம், ஆள் வேலை செய்கிறார்' என்ற அட்டை தொங்க வேண்டும். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. பல பேர் வேலை செய்தால், பல ஓட்டை உள்ள ஒரு கொக்கியில் ஆளுக்கொரு பூட்டு. கடைசிப் பூட்டும் கழன்றால்தான் கரன்ட்.

கிளாஸுக்கு முன்னால் வீட்டில் ஒத்திகை பார்ப்பது வழக்கம். கண்ணாடி முன்னால் நின்று பேசுவேன். மனைவி ஃப்ளோராவும் மாமியார் மெர்லினும் கேட்பார்கள். மாமியார் பாதியில் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

சுவிட்ச் மிக்ஸிக்கானது. தொட்டால் ஷாக் அடிக்கும். ஃப்ளோரா அதை மரக்கரண்டியால் போட்டு மரக்கரண்டியாலேயே அணைப்பாள். அதற்கு எல்லோரும் பழகிவிட்டோம். போன வாரம் மகள் ஷைனி ஈரக்கையோடு அதைத் தொட்டு, ஃப்ரிட்ஜ்வரை போய் விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஃப்ளோரா என்னோடு பேசும்போதெல்லாம் கையில் அந்தக் கரண்டி இருந்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை. ஆனால் அன்றுதான் கிரிக்கெட் ஃபைனல். மெயினை அணைத்தால் டிவியும் அணைந்துவிடும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டேன். பலகை மேல் ஏறி நின்றேன். ஒரு கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"இன்னா பண்ணிகினு கீற?" என்றாள் ஃப்ளோரா.

"சுவிட்ச மாத்தப் போறேன். நீதான கேட்ட?"

"மெயின ஆஃப் பண்ணிட்டியா?"

"மேட்ச் ஓடிகினு கீது."

"அதுக்கு?"

"எனக்கு இருபது வருஷ சர்வீஸு. கரன்டு எனக்குப் பழக்கம்."

"கரன்டுக்கு உன்ன பழக்கமாய்யா?"

நான் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தேன்.

"ஒரு கைய எதுக்கு பாக்கெட்ல வுட்டுகினு கீற?"

"ஷாக் அடிச்சா நெஞ்சு வழியா போவாது."

"வேற எது வழியா போவும்?"

இந்தக் கேள்வியைக் கிளாஸில் யாரும் கேட்டதில்லை. அவள் போய்விட்டாள். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஹாலில் கமென்டேட்டர் பந்து உயரே போகிறது என்றார். அதோடு நின்றுவிட்டார். ஃபேனும் நின்றது.

வாசலுக்கு ஓடினேன். எங்கள் மெயின் கைப்பிடி வைத்த பழைய இரும்புப் பெட்டி. கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. அதில் என் யார்டு பையிலிருந்து எடுத்த கொக்கி, கொக்கியில் சிவப்புப் பூட்டு, பூட்டில் அட்டை. அபாயம், ஆள் வேலை செய்கிறார். கீழே ஃப்ளோரா என்று பெயர். சாவி அவள் கழுத்துச் செயினில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கியது.

"ஃபைனலுடி."

"ஆளு வேல செய்யறாரு. அட்டையிலயே போட்டுகீது."

"ஸ்பேர் சாவி எங்கிட்ட கீது, தெரியுமில்ல?"

"கீதா? பூட்டுக்கு ஒரே சாவி, ஸ்பேர் வச்சிக்கிறவன் கொலகாரன்னு கண்ணாடிய பாத்து கத்துனியே, அது யாரு?"

அது நான்தான். ஸ்பேர் சாவியும் இல்லை.

பக்கத்து வீட்டு பீம்ராவ் என் யார்டில்தான் வேலை செய்கிறார். பூட்டை வெட்ட கட்டர் கேட்டேன்.

"பூட்டு யாரு போட்டது சார்?"

"என் சம்சாரம்."

"அப்ப அவங்கதான் தொறக்கணும். உங்க கிளாஸ்ல நான் முதல் பெஞ்சு சார்."

"சரி, உங்க வூட்லயாவது மேட்ச் பாக்கறேன்."

"நாங்க டோல்கேட்டுல மச்சான் வூட்டுக்கு கிளம்பிகினு கீறோம்." வீட்டைப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே பையைத் தட்டினார்.

போனில் பார்க்க வழியில்லை. யார்டில் கேமரா போன் கூடாது என்பதால் என்னுடையது பட்டன் போன்.

சமையலறைக்குத் திரும்பினேன். டெஸ்டர் வைத்தேன், எரியவில்லை. துருப்பிடித்த ஸ்க்ரூக்களோடு வெகுநேரம் போராடி போர்டைத் திறந்தேன். உள்ளே லைன் வயரின் தோல் உருகி, செம்பு வெளியே வந்து, போர்டின் இரும்பு விளிம்பில் சாய்ந்திருந்தது. மெயின் அணையாமல் இருந்திருந்தால் என் விரல் முதலில் போயிருக்கும் இடம் அது. பலகையின் மேல் உட்கார்ந்தேன். இதை ஃப்ளோராவிடம் சொல்லவில்லை.

அப்போது வாசலில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

வயரை மாற்றி, புது சுவிட்சைப் பொருத்தி, மூடியை முடுக்கினேன். ஃப்ளோரா வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். மரக்கரண்டியால் தட்டிப் பார்த்தாள்.

"பரவால்ல," என்றாள். இருபது வருட சர்வீஸில் எனக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ்.

வாசலுக்குப் போய்த் தன் பூட்டைத் திறந்து எடுத்தாள். கடைசி ஓவர்களையாவது பார்த்துவிடலாம். கைப்பிடியைப் பிடித்து மேலே தள்ளினேன். அசையவில்லை.

கொக்கியின் அடுத்த ஓட்டையில் ஒரு நீலப் பூட்டு தொங்கியது. அட்டையில் பெயர் மெர்லின். வேலை, பாத்ரூம் ஹீட்டர்.

அந்த ஹீட்டருக்கு எர்த் வயர் கிடையாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"அத்தை எங்க?"

"மீஞ்சூருக்கு, சாண்ட்ரா வூட்டுக்கு. ஷைனியையும் இட்டுகினு போயிட்டாங்க."

சாண்ட்ரா ஃப்ளோராவின் தங்கை.

"எதுக்கு?"

"மேட்ச் பாக்க."

பேசிக்கொண்டே ஹேண்ட்பேகைத் தோளில் மாட்டினாள்.

"நீ எங்க கிளம்பிட்ட?"

"இங்க ஃபேன் ஓடல. நான் எப்டி குந்திகினு இருக்கறது? ஹீட்டர முடிச்சிட்டு போன் பண்ணு, அம்மாவ அனுப்பறேன்."

போய்விட்டாள். பாத்ரூமில் ஸ்டூல் போட்டு ஏறி ஹீட்டரின் மூடியைக் கழற்றினேன். தெருவில் எந்த வீட்டிலிருந்தோ ஒரு பெரிய கூச்சல் வந்தது. அது சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை. பொறுக்க முடியாமல் சாண்ட்ரா வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது மாமியார். பின்னால் கைதட்டல் கேட்டது.

"அத்தை, ஸ்கோர் எவ்ளோ?"

"வேல செய்யறப்ப போன் பேசக்கூடாது மாப்ள," என்று வைத்துவிட்டார்.