டேக்

எனக்குத் தெரிந்த இங்கிலீசு ஒரே ஒரு சொல். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்கார டாக்குத்தரையே படுக்கையில் போட்டவள் நான். (கூடப் படித்திருந்தால் எத்தனை பேரைப் போட்டிருப்பேனோ!)

சண்டைக் காலம். சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்காரருக்குப் புகையிலைத் தோட்டம். தண்ணீர் இறைத்து இறைத்துக் குடலிறக்கம் வந்து, நிமிர முடியாமல் கிடந்தார். பெரியாசுபத்திரியில் வெட்டுகிற டாக்குத்தர்மார் பாதிப்பேர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். இருந்தது வெளியிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர்தான். அவரும் அடுத்த வெள்ளிக்கிழமை கப்பலேறிவிடுவார். திங்கட்கிழமை காலை எங்கள் ஆளுக்கு ஒப்பரேசன் என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் சைக்கிளில் ஊர் பார்க்க வருகிறாராம், அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்து நோயாளியைப் பார்ப்பாராம் என்று செய்தி வந்தது. மகள் வதனிக்கு அன்றைக்கு டியூசன். நான் பதறிப் போனேன்.

"பிள்ளை, நான் அந்தாளோடை என்னெண்டு கதைக்கிறது?"

"டேக் எண்டு சொல்லுங்கோ அம்மா. அது காணும். கதிரையைக் காட்டி டேக். தேத்தண்ணியைக் காட்டி டேக். மருந்து குடிக்கிறது, குளிக்கிறது, படம் பிடிக்கிறது, எல்லாத்துக்கும் அதுதான். வேறை சொல்லும் கனக்க இருக்கு. அக்செப்ட், றிசீவ், ஹாவ்..."

"போதுமடி. ஒரு சொல்லே இவ்வளவு வேலை செய்யுமெண்டால் மற்றதுகள் ஏன் சும்மா சம்பளத்துக்கு?"

முட்டை போட்டுக்கொண்டிருந்த கோழியை அடித்துக் கறி வைத்தேன். புட்டு அவித்தேன். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டினேன். நாளைக்கு என் மனிசன்மேல் கத்தி வைக்கப்போகிற கை. அந்தக் கை எங்கள் வீட்டில் நனையாமல் போகலாமா?

டாக்குத்தர் வந்தார். நல்ல உயரம், வெயிலில் சிவந்த மூக்கு. உள்ளே கிடந்த என் மனிசனுடைய வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிச் சிரித்தார். நான் கதிரையைக் காட்டினேன். "டேக்." இருந்தார். செம்பை நீட்டினேன். "டேக்." கை கழுவினார். ஆகா, இங்கிலீசு இவ்வளவுதானா!

புட்டும் கோழிக்கறியும் போட்டேன். உறைப்பில் கண்ணீர் வந்தாலும் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். வழித்த சாப்பாட்டுக் கோப்பையை நாங்கள் எப்படி விளங்கிக்கொள்வோம்? பசி ஆறவில்லை. உடனே அகப்பையால் இன்னொரு குவியல். "டேக்!"

"நோ, தாங்யூ," என்றார்.

எங்கள் ஊரில் முதல்தரம் வேண்டாம் என்றால் வெட்கம். இரண்டாம் தரம் என்றால் மரியாதை. மூன்றாம் தரம் அப்படிச் சொன்னால், நாங்கள் மனம் வைத்துப் போடவில்லை என்று குறை. பாவம், அவருடைய ஊரிலோ போட்டதை மிச்சம் விட்டால் மரியாதைக் குறைவாம். (இதைப் பிறகுதான் வதனி சொன்னாள்.) அவர் வழிக்க வழிக்க நான் போட்டேன். நான் போடப் போட அவர் வழித்தார்.

அறைக்குள்ளிருந்து இவர் முனகினார். "மெய்யேப்பா, விடு அந்தாளை. அந்தாள் விழுந்தால் நாளைக்கு என்னை ஆர் வெட்டுறது?"

"சும்மா கிடவுங்கோ. அந்தாள் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுது," என்றேன்.

கடைசியில் மாம்பழத்தையும் முடித்துவிட்டு, கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். சைக்கிளில் ஏறவில்லை, உருட்டிக்கொண்டே போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஆசுபத்திரியில் பணியாள் வந்து சொன்னான். "இண்டைக்கு ஒப்பரேசன் ஒண்டும் இல்லை. டாக்குத்தர் எழும்பேலாமல் கிடக்கிறார். ஆரோ ஒரு மனுசி பிடிச்சுவைச்சு வாய்க்குள்ளை தீத்தி விட்டிட்டாவாம்."

வார்டில் இருந்த சனமெல்லாம் அந்த மனுசியைத் திட்டியது. நானும் சேர்ந்து கொஞ்சம் திட்டினேன். (வேறு என்ன செய்ய?) இவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அதைக் கண்டதும் என் சிரிப்பெல்லாம் போய்விட்டது. கப்பல் போய்விட்டால்?

டாக்குத்தர் வியாழக்கிழமைதான் எழும்பினார். அடுத்தநாள் பயணம். எழும்பிய அன்று காலையே இவரை உள்ளே கொண்டுபோனார்கள். நான் கதவடியில் நிலத்தில் இருந்தேன். பல்லில் தண்ணீர்கூடப் படவில்லை. இருந்த சாமியெல்லாவற்றையும் கூப்பிட்டேன். வெள்ளைக்காரரின் வயிற்றுக்கும் சேர்த்து நேர்த்தி வைத்தேன்.

மத்தியானம் கதவு திறந்தது. டாக்குத்தர் மெலிந்து போயிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு அடி பின்னுக்கு வைத்தார். பிறகு சிரித்து, பெருவிரலை உயர்த்திக் காட்டினார். இவருக்கு ஒன்றும் இல்லை! எனக்கு அழுகைதான் வந்தது.

அவர் உள்ளே போய் ஒரு பேக்கரிப் பணிசும் வெறுந்தேத்தண்ணியும் கொண்டுவந்து, என் முன்னால் குந்தினார்.

"டேக்."

"நோ, தாங்யூ," என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"டேக்."

தலையை ஆட்டினேன். மனிதர் எழும்பவில்லை. பணிசைப் பிய்த்து என் கையில் வைத்து, மூன்றாம் தரமும் சொன்னார். "டேக்!"

வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான பணிசை நான் பிறகு கண்டதில்லை.

இப்போது எனக்குப் பேரப்பிள்ளைகள். வீட்டுக்கு ஆர் சாப்பிட வந்தாலும், நான் அகப்பையைத் தூக்கியதும் அறைக்குள்ளிருந்து இவரின் குரல் வரும்.

"கொஞ்சம் பொறப்பா! முதல் கேள், நாளைக்கு ஆருக்கும் ஒப்பரேசன் இருக்கோ?"

பிள்ளைகள் ஒன்றாய்ச் சேர்ந்து கத்துவார்கள்: "இல்லை அம்மப்பா!"

"அப்ப போடு."