மாமாவின் ஏர் பிஸ்டலும் நான் படித்த மெக்கானிக்கலும்

மெக்கானிக்கல் படித்த பெண் என்று ஒரு வீட்டில் தெரிந்துவிட்டால் போதும், காபி வருவதற்கு முன்னால் கெட்டுப்போன மிக்ஸி வந்துவிடும். "சும்மா ஒரு பார்வை பாரும்மா" என்பார்கள். நான்கு வருஷப் படிப்பில் எனக்கு மிக்ஸி வரவே இல்லை (அரியர்தான் வந்தது). ஆனாலும் "தெரியாது" என்று சொல்ல அந்த வயதில் எனக்கு வாய் வராது.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். இளங்கோ வீடு சிதம்பரத்தில். ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, விரும்பி, வீட்டில் சொல்லி, அழுது, பட்டினி கிடந்து (நான் மட்டும்தான், இளங்கோ மூன்று வேளையும் சாப்பிட்டது பின்னால் தெரிந்தது) எல்லோரிடமும் சம்மதம் வாங்கிவிட்டோம். பாக்கி ஒரே ஒருவர், சேத்தியாத்தோப்பில் இருந்த இளங்கோவின் பெரியப்பா. அவர் தலையசைக்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு பந்தக்கால்கூட நட மாட்டார்கள். அவருக்குக் காதல் கல்யாணம் பிடிக்காது. கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவது அதைவிடப் பிடிக்காது.

"கோயிலுக்கு வர்ற மாதிரி வந்து சாப்டுட்டுப் போகட்டும். அவரும் பொண்ண ஒரு தடவ பாக்கட்டுமே" என்று இளங்கோவின் அம்மா, என் வருங்கால அத்தைதான், ஏற்பாடு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் போனோம்.

ஹாலில் பெரியப்பா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். என் வணக்கத்துக்குப் பதிலாக மின்விசிறியைப் பார்த்தார். அப்பா மழை பற்றிப் பேசினார். "ம்." நெய்வேலி வெயில் பற்றிப் பேசினார். "ம்." ஹாலில் அசைவு இருந்தது மூலையில் இருந்த பெரிய மீன் தொட்டியில் மட்டும்தான். அது அத்தையின் உயிர். அதில் எல்லாம் தங்க மீன்கள், எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. தொந்தியோடு நடுவில் மிதந்த பெரிய மீனின் பெயர் மினிஸ்டர்.

நிலைமையைச் சமாளிக்க நினைத்த மாமா (இளங்கோவின் அப்பா, பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா உட்காரத் தெரியாதவர்) உள்ளே போய் ஒரு துணிமூட்டையோடு வந்தார். பிரித்தால் துப்பாக்கி!

என் அப்பா சோஃபாவில் பின்னுக்கு நகர்ந்தார்.

"பயப்படாதீங்க சம்பந்தி, காத்துல சுடுறது. ஏர் பிஸ்டல். பாண்டியில ஒரு குடும்பம் பிரான்சுக்குப் போறப்ப வித்துட்டுப் போனாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி மொட்ட மாடியில தீப்பெட்டிய அடுக்கி வச்சுச் சுடுவேன். இப்ப காத்து நிக்க மாட்டேங்குது. எப்புடி சுட்டேன்னும் மறந்துபோச்சு. நீதான் மெக்கானிக்கலாச்சேம்மா!"

பெரியப்பா முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. பிஸ்டலை வாங்கிப் புரட்டினேன். குழலுக்கு அடியில் கீல் வைத்த ஒரு கை. அதை விரித்து மடக்கினால் காற்று ஏற வேண்டும், சைக்கிள் பம்பு மாதிரி. பின்பக்கம் பித்தளையில் ஒரு குமிழ். நான் கையை விரித்து மடக்கினேன். 'புஸ்ஸ்ஸ்.' மறுபடி மடக்கினேன். 'புஸ்ஸ்ஸ்.'

"வாஷர் போயிருக்கு மாமா" என்றேன், டாக்டர் மாதிரி. தையல் மிஷின் எண்ணெய் வந்தது. திருப்புளி வந்தது. ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தேன். வாஷர் நன்றாகவே இருந்தது. அரை மணி நேரம் ஆனது. சாப்பாடு ஆறியது. பெரியப்பாவின் முகம் சூடானது. அவமானத்தில் எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று பித்தளைக் குமிழைப் பிடித்து இழுத்தேன். 'டக்.'

அப்போதுதான் புரிந்தது. உள்ளே குட்டிச் சுத்தியல் மாதிரி ஒன்று, காற்றை அடைத்து வைக்கும் வால்வின் மேல் சாய்ந்து அதை அழுத்திக்கொண்டிருந்தது. குமிழை இழுத்தால் அது பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது, வால்வு மூடிக்கொள்கிறது. அதாவது முதலில் குமிழ், பிறகுதான் பம்பு. நாங்கள் அதுவரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆட்களை உள்ளே அடைத்துக்கொண்டிருந்தோம்.

தகட்டை மூட்டி, பம்பு அடித்தேன். 'புஸ்' இல்லை. அடிக்க அடிக்க இறுகியது. "பாத்தியா! பாத்தியா!" என்று மாமா குதித்தார். நான் எழுந்து நின்று எல்லோருக்கும் வால்வு பாடம் எடுத்தேன்.

"இப்ப இத எப்புடி இறக்குறது?" என்றார் அப்பா மெதுவாக. பாடத்தில் அது இல்லை.

"சும்மா சுட்டாப் போதும்ப்பா. உள்ள குண்டே இல்ல." குமிழை இழுத்தபோது குண்டு போடும் குழி காலியாக இருந்ததைப் பார்த்திருந்தேன். அந்தக் குழிக்கு முன்னால், குழலுக்குள், மாமாவின் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு குண்டு காத்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மனிதர்கள் இல்லாத திசையாகப் பார்த்துத் திருப்பினேன். பொறுப்பான பெண் இல்லையா! அந்தத் திசையில் மனிதர்கள் இல்லைதான்.

'டப்!'

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மீன் தொட்டியின் கண்ணாடி முழுக்க விரிசல் ஓடி, 'தடால்' என்று தண்ணீர் ஹாலுக்குள் இறங்கியது.

"ஐயோ, மினிஸ்டர்!" என்று அத்தை அலறினார்.

தரையெல்லாம் மீன்கள் துள்ளின. மாமா வழுக்கி உட்கார்ந்தார். அப்பா புது அங்கவஸ்திரத்தால் ஒரு மீனை அமுக்கப் பார்த்தார். இளங்கோ சாம்பார் குண்டானைத் தூக்கி வர, "அதுல வேணாண்டா, சாம்பார் இருக்கு!" என்று அத்தை கத்தினார். நான் பிஸ்டலோடு அப்படியே நின்றேன். கல்யாணம் அந்தத் தண்ணீரோடு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

"எல்லாரும் தள்ளு!"

பெரியப்பா. நனைந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். இரண்டு கையையும் குவித்து, ஓசைப்படாமல் தரையோடு தரையாகக் கொண்டுபோய் ஒரு மீனை அள்ளினார். அடுத்தது. அதற்கடுத்தது. ஒன்றுகூட நழுவவில்லை. "வெள்ளாத்துல கெண்ட புடிச்ச கையிடா இது! கண்ணாடி படாம பாத்து நில்லுங்க!"

"மினிஸ்டர் சோஃபாவுக்கு அடியில போயிட்டாருண்ணே!" என்றார் மாமா.

பெரியப்பா படுத்தேவிட்டார். கை உள்ளே போனது. தோள் போனது. சற்று நேரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு மினிஸ்டர் வெளியே வந்தார். பக்கெட்டில் விட்டதும் தொந்தியோடு நீந்தினார். தரையில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் மூக்கில் பாசி ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். நான் அழத் தயாரானேன். அவர் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஆத்துல எறங்கி நாப்பது வருஷம் இருக்கும்டா" என்று மாமாவிடம் சொன்னார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "ஆவணியில நாள் பாக்கலாமா?" என்றார்.

ஒரு மீன்கூடச் சாகவில்லை. கல்யாணத்துக்குப் பெரியப்பா கொடுத்த பரிசு, கண்ணாடி இல்லாத பெரிய சிமெண்டுத் தொட்டி. மாமா என்னைச் சொந்தக்காரர்களிடம் "நம்ம வீட்டு இன்ஜினியர்" என்று அறிமுகப்படுத்துவார். அவர்கள் உடனே காலைத் தூக்கிச் சோஃபாவில் வைத்துக்கொள்வார்கள்.

பெரியப்பா இப்போது இல்லை. மாமா போயும் இரண்டு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் நானும் இளங்கோவும் பிஸ்டலை மாடிக்கு எடுத்துப் போகிறோம். குழலில் கம்பி விட்டுப் பார்த்து, தீப்பெட்டிகளை அடுக்கி, குமிழை இழுக்கிறேன். 'டக்' என்ற அந்தச் சின்னச் சத்தம் கீழே சமையலறை வரைக்கும் எப்படிக் கேட்குமோ தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தையின் குரல் மேலே வரும்:

"இரும்மா, மீன் தொட்டிய மூடுறேன்... ஆங், மூடிட்டேன். நீ சுடு!"