நடுநிலையாக ஒரு டீ

"தண்ணி மட்டும் வைங்க. டீ வேண்டாம்" என்று செயலாளர் சொன்னதும் டீ மந்திரி கெட்டிலோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

டீ மந்திரி என்பது வெளியுறவு அமைச்சகத்தில் விருந்தினர் அறையைக் கவனிக்கும் அம்மாவுக்கு ஊழியர்கள் வைத்த பெயர். அந்த அமைச்சகம் யார்மீதும் கோபத்தை வாய்விட்டுச் சொல்லாது. வரவழைத்த தூதருக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தால் நட்பு. டீ மட்டும் என்றால் வருத்தம். வெறும் தண்ணீர் என்றால் கண்டனம். எங்கே போர் மூண்டாலும் இவர்கள் கையில் இருக்கும் ஆயுதம் கெட்டில்தான்.

தண்ணீரை முன்கூட்டியே மேஜையில் வைத்துவிடுவார்கள். டீ என்றால்தான் அவள் உள்ளே போய் ஊற்றித் தர முடியும். இன்று எப்படியும் போயாக வேண்டும். குண்டு விழுந்துகொண்டிருக்கும் அந்தத் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் மகள் நர்ஸ். போன வாரத்திலிருந்து அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்டுத் தூதரே இப்போது வரப்போகிறார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும்.

"ஐயா, அடி வாங்கின நாடு. அவங்களுக்கும் வெறும் தண்ணியா?"

"காலையில அடிச்ச நாட்டுத் தூதருக்கும் தண்ணிதானேம்மா குடுத்தோம்? நாம நடுநிலை. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான்."

"அப்ப காலையில வந்தவருக்கும் ஒரு பிளாஸ்க்ல டீ அனுப்பிட்டா? ரெண்டு பேருக்கும் டீ. சமமாயிடுமே."

செயலாளர் மோவாயைத் தடவினார். "சரி, அனுப்புங்க" என்றார். பிளாஸ்க் அரசாங்கக் காரில் ஏறிக் கம்பீரமாகப் போனது.

கொஞ்ச நேரத்தில் டிவியில் அந்தப் பிளாஸ்க்கே வந்தது. படையெடுத்த நாட்டின் தூதர் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தங்கள் பக்கம் நிற்கும் அரசுக்கு மனமார்ந்த நன்றி என்று சிரித்தார்.

"என் வேலைக்கே உலை வச்சிட்டீங்களேம்மா!" செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அமைச்சர் போனில் கத்தியது வராந்தா வரை கேட்டது. "இப்ப வர்றவருக்கு ஒரு படி கூடக் குடுத்தாத்தான்யா சமமாகும். பிஸ்கட்டும் வைங்க!"

"அது தெரிஞ்சு அவங்களும் பிஸ்கட் கேட்டா சார்?"

போன் கட்டாகிவிட்டது. பிஸ்கட் நட்பா, நடுநிலையா என்று அதிகாரிகள் கூடிப் பேசத் தொடங்கினார்கள். தூதரோ வந்து உட்கார்ந்தேவிட்டார்.

டீ மந்திரியின் கணவர் வீட்டிலிருந்து கூப்பிட்டார். "கேட்டியா?"

"இன்னும் இல்லைங்க. பிஸ்கட்டுக்கு உத்தரவு வரணும்."

"பெத்த பொண்ணு உசிரோட இருக்காளான்னு கேக்க பிஸ்கட்டுக்கு உத்தரவா?"

அவள் போனை வைத்தாள். இனி எந்த உத்தரவும் வேண்டாம் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தூதர் தனியாக இருந்தார். அமைச்சர் அடுத்த அறையில் வெறும் கவலை தெரிவிப்பதா, ஆழ்ந்த கவலை தெரிவிப்பதா என்று முடிவு செய்துகொண்டிருந்தார். அவள் அவசரமாக ஊற்றியதில் பாதி டீ சாசரில்தான் விழுந்தது.

"ஐயா, உங்க ஊர் பெரிய ஆஸ்பத்திரியில என் பொண்ணு நர்ஸா இருக்கா. அவகிட்டருந்து போனே வரலை..."

தூதர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கு ஒண்ணும் ஆகலைம்மா. போன் லைன்தான் போயிடுச்சு. உங்க பொண்ணு நல்லா இருப்பா. தைரியமா வீட்டுக்குப் போங்க."

அவள் பிஸ்கட் டப்பாவையே அவர் முன்னால் வைத்தாள். நடுநிலையாவது மண்ணாவது!

கணவரிடம் போனில் சொன்னாள். அவர் விம்மி விம்மி அழுதார். இவளுக்கோ கால் தரையில் பாவவில்லை. வாசலில் காத்திருந்த தூதரின் டிரைவருக்கும் ஒரு டீ கொண்டுபோனாள்.

"இந்தாங்க தம்பி, குடிங்க. உங்க ஐயா என் வயித்துல பால வார்த்தாரு. ஆஸ்பத்திரிக்கு ஒண்ணும் ஆகலையாமே!"

டிரைவர் கப்பை வாங்கினான். குடிக்கவில்லை.

"கேக்கறவங்க எல்லார்கிட்டயும் அப்படித்தாம்மா சொல்றாரு. அவரு சம்சாரம், பிள்ளைங்க எல்லாம் அந்த ஊர்லதான் இருக்காங்க. உங்க அமைச்சருக்காவது ஏதாவது சேதி தெரிஞ்சிருக்கும்னுதான், நீங்க கூப்பிட்டதும் ஓடி வந்தாரு."