ஜெர்மன் அண்ணையின் கை தளர்ந்துவிட்டதாம்

லண்டன் மாநகரத்துத் தமிழர்களில் பந்து எறியத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஜெர்மன் அண்ணை. மிச்சப் பேருக்கெல்லாம் தெரிந்தது அவர் எறிவதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல மட்டும்தான்.

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வெம்பிளியில் ஒரு கையில் தேநீரும் மறு கையில் வடையுமாக நிற்கிற எவரைக் கேட்டாலும், "அவற்ற கை போயிட்டுது ஐசே" என்று டொக்டர் மாதிரிச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. சொன்னவர்களில் பாதிப் பேருக்குக் கை தோளுக்கு மேலே எழும்பாது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாமல் பக்கத்தில் நிற்பவரைப் பிடிக்கிற ஆட்கள்!

ஜெர்மன் அண்ணைக்கு ஊர் மன்னார். பதினேழு வருசம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அங்கே ஓர் அமெரிக்கப் படைமுகாமின் குசினியில் சட்டி கழுவினாராம். பின்வளவில் விளையாடிய சிப்பாய்கள் அவருக்கு அமெரிக்கன் புட்போல் பழக்கிவிட்டார்கள். பெயர்தான் புட்போல். காலுக்கு அதில் ஓடுகிற வேலை மட்டும்தான். இரண்டு பக்கமும் கூர்ந்த பந்தை ஒருவர் எறிவார், அவருக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். மற்றவர்கள் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். ஞாயிறு காலையில் நாங்கள் விளையாடியது அதன் சாதுவான வகை. ஆளை விழுத்துவதில்லை, இடுப்பில் தொங்கும் நாடாவைப் பிடுங்கினால் போதும். ஐம்பது வயதுக்காரனை விழுத்தினால் பிறகு எழுப்புவது யார்?

வாரத்தின் மற்ற நாட்களில் அண்ணை ஒரு தமிழ்க்கடையில் மீன் வெட்டினார். வெட்டிய மீனைப் பையில் கட்டிக் கையில் கொடுக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. மீன் பகுதி கடையின் பின்னால், காசு மேசை வாசலுக்குப் பக்கத்தில். நடுவில் அரிசி மூட்டை, கத்தரிக்காய்ப் பெட்டி, சனம். அண்ணை பையை இறுக்கிச் சுற்றி, ஒரு கால் பின்வைத்து, தோளுக்கு மேலால் ஒரு எறி! ஒரு கிலோ அறக்குளா மீன் சுழன்றுகொண்டு அத்தனை தலைக்கும் மேலால் போய்க் காசு மேசைப் பிள்ளையின் கையில் இறங்கும்.

"ஐயோ அண்ணை, என்ர தலை!" என்று ஒரு பெண் கத்தினால், "தங்கச்சி, நீங்கள் நேரா நில்லுங்கோ. மீன் தன்ர பாட்டிலை போகும்" என்பார்.

ஒருமுறை கவுன்சிலிலிருந்து சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்கையில் அவர் மூக்குக்கு முன்னால் ஒரு பாரைமீன் பறந்தது. அவர் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார். அடுத்த சனிக்கிழமை மனைவி பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்க வந்தார். போகும்போது இறால் வாங்கிக்கொண்டு போனார்.

மைதானத்திலும் மீன்தான். எதிரணிக்கு விளங்கக்கூடாது என்று எங்கள் ஓட்டங்களுக்கெல்லாம் மீன் பெயர் வைத்திருந்தார். எல்லாரையும் வட்டமாகக் குனியவைத்து, "நீர் திருக்கை, பக்கவாட்டிலை வழுகிப் போம். நீர் சூடை, கிட்டவே நில்லும். நீர் சுறா, திரும்பிப் பாராமல் ஓடும்" என்பார். சுறா என்றால் நான். பதினொரு வருசமாக நான்தான் அவருடைய சுறா. நான் ஓடுவேன், நாற்பது யார் தூரம் தள்ளித் திரும்புவேன், பந்து என் நெஞ்சுக்கு முன்னால் நிற்கும். பிடிப்பது என் கெட்டித்தனம் என்று நானும் நீண்ட காலம் நினைத்திருந்தேன்.

போன வருசம்தான் கதை மாறியது. அண்ணை சுறாவை நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்து, "நீர் இண்டைக்கும் சூடை" என்றார். முன்பு அம்பு மாதிரி வந்த பந்து இப்போது மேலே ஏறி, அங்கே கொஞ்சம் யோசித்து, இடப்பக்கமாக மெதுவாக இறங்கியது. இறங்குவதற்குள் எதிரணிக்காரன் வந்து தட்டிவிட்டுப் போனான். தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றோம்.

எங்கள் கழகத்தில் விளையாட ஒன்பது பேர், நிர்வாகக் குழுவில் பதினொரு பேர். போதாக்குறைக்குப் புரவலராக ஒரு போஷகர் வேறு. பதினொருவரும் ஒரே நாளில் நிபுணர்கள் ஆனார்கள். செயலாளர் சொன்னார், "பந்து மிதக்குது ஐசே. தோளிலை பலமில்லை. அம்பத்தேழு வயசிலை வேறை என்ன நடக்கும்? என்ர மச்சானைப் போட்டுப் பாப்பம்."

"உங்கட மச்சான் பந்தைக் கண்ணாலை கண்டிருக்கிறாரோ?" என்று கேட்டேன்.

"யூடியூப்பிலை எல்லாம் பாத்திட்டார்."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அந்த வாரம் முழுவதும் கடைக்கடையாக ஏறிச் சண்டை பிடித்தேன். மீன் இப்போதும் தவறாமல் போகிறதே, மீனை எறியிற கைக்குப் பந்தை எறிய ஏலாதோ என்று கேட்டேன். "மீன் வேறை, பந்து வேறை" என்றார்கள். தாளிதத்துக்கு வெங்காயம் வெட்டத் தெரியாதவர்கள் எனக்கு இது வேறு அது வேறு என்று பாடம் எடுத்தார்கள்.

கடைசியில் குழு ஒரு பரீட்சை வைத்தது. எங்கள் ஆட்களுக்குப் பரீட்சை இல்லாமல் ஒன்றும் ஓடாது. பிள்ளைகளின் திருக்குறள் போட்டிக்கு நடுவர்களாக இருக்கிற மூன்று பேரையே கூட்டிவந்து, புள்ளித்தாளும் கையுமாக மைதான ஓரத்தில் கதிரை போட்டு இருத்தினார்கள். நாற்பது யார் தள்ளி ஒரு வாளி. அதற்குள் பத்துப் பந்து எறிய வேண்டும்.

அண்ணை வாளியைப் பார்த்தார். "நான் ஆளுக்குத்தான் எறியிறனான். வாளிக்கு எறியமாட்டன்."

"சரி, ஆளை நிப்பாட்டுவம். ஆர் வேணும்?"

என்னைக் கைகாட்டினார். ஓடினேன். பத்தில் மூன்றுதான் என் கையில் தங்கியது. ஒன்று வெயிலில் கூசியது, ஒன்று காற்றில் விலகியது, ஒன்றுக்குக் கையுறை வழுக்கியது. எல்லாவற்றையும் நடுவர்களுக்கு விளக்கினேன். ஒருவர் குடைக்குக் கீழே இருந்து, "தம்பி, எந்த வெயில்?" என்று கேட்டார். அண்ணை பந்தைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

எங்கள் சமூகத்தில் ஒருவரைக் கழற்றிவிடக் கடிதம் எழுதமாட்டார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். இதைப் போல ஒரு கயவாளித்தனத்தை நான் எங்கும் கண்டதில்லை. ஆளை மேடையில் ஏற்றி, மாலை போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடலைக் கையில் கொடுத்து, கைதட்டி இறக்கிவிட்டால் அவர் பிறகு மைதானப் பக்கம் வர ஏலாது. வந்தால், "கௌரவிச்சிட்டமே அண்ணை, பிறகென்ன?" என்பார்கள்.

கழகத்தின் வருடாந்த மதிய விருந்தில் அதைச் செய்தார்கள். வாழ்த்துமடல் வாசிக்க என்னையே கூப்பிட்டார்கள். பிடிக்காமல்தான் மேடை ஏறினேன். அண்ணை ஏற்கெனவே பொன்னாடைக்குள் புழுங்கிக்கொண்டு நின்றார். மடலை நிமிர்த்திப் பிடித்தேன். கருஞ்சிவப்புத் தாளில் பொன்னெழுத்து. எனக்குத் தெரிந்தது கருஞ்சிவப்பு மட்டும்தான். எழுத்தெல்லாம் சர்க்கரைப்பாணி மாதிரிக் கரைந்து ஓடியது. கிட்டப் பிடித்தேன், எட்டப் பிடித்தேன். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ஒரு கிசுகிசுப்பு.

"'பார் போற்றும் பந்தெறி பார்த்திபனே.' சொல்லும்."

சொன்னேன்.

"'மலையென நிமிர்ந்த தோளினாய்.' என்ர தோள் ஐசே, சத்தமாச் சொல்லும்."

சத்தமாகச் சொன்னேன். கைதட்டினார்கள்.

"அடுத்தது 'எறிகணை வேந்தே' எண்டு போட்டிருக்கிறான், விசரன். ஊர்ச் சண்டையிலை விழுந்த எறிகணைக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். அதை விட்டிட்டு அங்காலை போம்."

விட்டுவிட்டு அங்கால் போனேன். எழுதியவர் செயலாளர். அவருடைய முகம் கறுத்தது எனக்குத் தெரியவில்லை, பிறகு சொன்னார்கள். இப்படியே தன்னுடைய புகழை எல்லாம் தானே எனக்கு வரிவரியாக எடுத்துக்கொடுத்தார் அந்த மனிதர். கடைசி வரி வந்தது.

"'கை தளர்ந்தாலும் புகழ் தளராய்.'"

"அதை வாசிக்கமாட்டன் அண்ணை" என்று முணுமுணுத்தேன்.

"வாசியும் ஐசே. சனம் பசியிலை இருக்கு."

வாசித்தேன். எல்லாரும் எழும்பிக் கைதட்டிவிட்டுப் புரியாணிக்கு ஓடினார்கள். நான் அந்தச் சட்டத்தைப் பிடித்தபடியே நின்றேன். எனக்கு எழுத்துத் தெரியவில்லை என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. வீட்டில்கூடச் சொன்னதில்லை. நான் தடுமாறத் தொடங்கிய உடனேயே இவர் எப்படி எடுத்துக்கொடுத்தார்?

கார் தரிப்பிடத்தில் பிடித்துக் கேட்டேன். பொன்னாடையை மடித்து மீன்கடை வான் வண்டியின் முன் இருக்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"போன சித்திரையிலையே தெரியும்" என்றார். "வலப்பக்கத்தாலை பந்து வந்தா நீர் காணேல்லை. வேகமா வந்தா, மூக்கிலை முட்டின பிறகுதான் கையைத் தூக்கினீர். பிறகு நான் என்ன செய்யிறது? கிட்ட நிப்பாட்டி, மேலாலை, இடப்பக்கமா, மெதுவாப் போட்டனான்."

"உங்களுக்குக் கை போயிட்டுது எண்டு ஊரெல்லாம் கதைச்சுதே அண்ணை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி? உம்மையும் மேடையிலை ஏத்திப் போர்த்துவாங்கள். உந்தத் துணி சரியா வேர்க்கும்." வண்டியில் ஏறி இருந்தார். "டொக்டரிட்டைக் கண்ணைக் காட்டும். நாளைக்கு நானே வந்து கூட்டிக்கொண்டு போறன்."

நான் ஊரோடு பிடித்த சண்டையெல்லாம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கடையிலும் நான் தொண்டை கிழியக் கத்திய நியாயத்துக்கு எதிர்ச்சாட்சி நானேதான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கண்புரை என்றார்கள். வெட்டினார்கள். இரண்டு கண்ணும் சுகமானதும் நேரே குழுக் கூட்டத்துக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தளர்ந்தது அவருடைய கை இல்லை, என்னுடைய கண், அவரைத் திரும்ப எடுங்கோ என்றேன். பதினொரு பேரும் கலந்து பேசினார்கள். போஷகர் கழகத்தின் சட்டதிட்டமான யாப்பைப் புரட்டினார். பொன்னாடை போர்த்தியவரைத் திருப்பி எடுக்க யாப்பில் இடமில்லையாம். வேண்டுமானால் அடுத்த வருசம் எனக்கும் ஒன்று போர்த்தலாமாம்! எழும்பி வந்துவிட்டேன். செயலாளரின் மச்சான்தான் இப்போதும் எறிகிறார். கழகம் இப்போதும் தோற்கிறது. அதைப் பற்றி எந்த நிபுணரும் வாய் திறப்பதில்லை.

அடுத்த ஞாயிறு, பூங்காவின் மறுகோடியில் நானும் அண்ணையும் மட்டும் நின்றோம். நான் நாற்பது யார் ஓடித் திரும்பினேன். பந்து விசிலடித்துக்கொண்டு வந்தது. அது சுழல்வது தெரிந்தது, அதன் தையல்கூடத் தெரிந்தது. இரண்டு கையாலும் அள்ளினேன், உள்ளங்கை எரிந்தது.

"காணுதோ?" என்று அங்கிருந்து கத்தினார்.

"ஓம் அண்ணை, வடிவாக் காணுது!"

உண்மையிலேயே எல்லாம் வடிவாகத் தெரிந்தது. எறிந்துவிட்டு அவர் மற்றக் கையால் தன் தோளைப் பிடித்துக்கொள்வதும் தெரிந்தது. தலை முழுக்க வெளுத்துப்போய், கழுத்து மெலிந்து, மீன்கடைச் சட்டைக்குள் ஒரு கிழவன் எனக்காக அடுத்த பந்தை ஓங்கிக்கொண்டு நின்றான். எப்போது இவ்வளவு வயதானார் இந்த மனிதர் என்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அந்தப் பந்தை நான் பிடிக்கவில்லை. அது சரியாக என் நெஞ்சுக்குத்தான் வந்தது.