சிவப்பு அட்டை தொங்கும் கணினி குறித்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம், அப்பா நலம், நான் நலம். கூடத்து மூலையில் இருக்கும், நாம் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் கணினி மட்டும் நோயில் விழுந்து எழுந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என் கைபேசியில் கூப்பிட்டு, "அப்பா எங்கடி?" என்று கேட்டபோது நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். முந்தின இரண்டு ஞாயிறும் சொன்னதுபோலவே "குளிக்கிறார்" என்றேன். அப்பா குளிக்கவில்லை. தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சீக்கிரம் முடி என்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதை நான் சொல்லவில்லை. நீயும் "சரி, நல்லா குளிக்கட்டும்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எங்கள் யாருடைய அழைப்பையும் நீ எடுக்கவில்லை. ஒரு மனிதர் மூன்று ஞாயிறுகளாகக் குளித்துக்கொண்டே இருந்தால் நானும்தான் எடுத்திருக்க மாட்டேன்.

நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நிரந்தர வேலையை விட்டுவிட்டு, நான்கு பேர் சேர்ந்து மரப்பொம்மை செய்யும் கம்பெனியில் நீ சேர்ந்ததை அப்பா இன்னும் மன்னிக்கவில்லை, அன்று கோபத்தில் "விழுந்தா என்னைக் கூப்பிடாத" என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்திருப்பாய். அக்கா, அப்படி இல்லவே இல்லை. அவர் உன்னோடு பேசாததற்குக் காரணம் ஒரு சிவப்பு ஜன்னல். உட்கார்ந்து பொறுமையாகப் படி.

ஒரு நாள் காலை அப்பா செய்தி படிக்கக் கணினியைத் திறந்திருக்கிறார். திடீரென்று திரை நடுவே ஒரு சிவப்பு ஜன்னல். கேடயம் படம், எச்சரிக்கை மணி, முன்னூற்றுச் சொச்சம் ஆபத்துகள் கண்டுபிடிக்கப்பட்டன என்று ஓடும் எண்கள். வேறு யாராக இருந்தாலும் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடியிருப்பார்கள். ஆனால் நம் அப்பா யார்? பாதுகாப்பு ஆய்வாளராகத் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், கொதிகலன் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை மாட்டியே ஓய்வு பெற்றவர். அந்தப் பலகைகளில் தொழிலாளிகள் ஈரத் துண்டைக் காயப்போட்டதைச் சொல்லிச் சொல்லி இன்றும் வருந்துகிறவர். அப்படிப்பட்டவரைத் தேடி ஒரு எச்சரிக்கை வீட்டுக்கே வந்திருக்கிறது, மதிக்காமல் இருப்பாரா? அது "சரி" என்று அழுத்தச் சொன்ன இடத்தில் எல்லாம் சரி என்று அழுத்தியிருக்கிறார். கடைசியில் அது முழுப் பதிப்பை வாங்கச் சொல்லி வங்கி அட்டை எண்ணைக் கேட்டிருக்கிறது. அங்கேதான் நாம் பிழைத்தோம். மூன்று இடத்தில் விலை விசாரிக்காமல் அப்பா ஒரு திருகாணி கூட வாங்கியதில்லையே. அதனால் அட்டையைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தொழிற்சாலையில் பழுதான இயந்திரத்தை என்ன செய்வாரோ அதையே செய்துவிட்டார். மின்சாரத்தை நிறுத்தி, இணைய வயரைப் பிடுங்கி, பழைய சிவப்பு அட்டை ஒன்றைத் தேடி எடுத்து, "ஆபத்து. இயக்காதே" என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுத் திரையில் கட்டித் தொங்கவிட்டார். அந்த அட்டையின் சட்டம் உனக்கே தெரியும். மாட்டியவர் கையால்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது.

நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா அதன் முன்னால் நின்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என் சீட்டாட்டம் பாதியில நிக்குது. நல்ல சீட்டுங்க."

"பாதி ஆட்டத்துக்காக வீட்டையே பலி குடுக்கச் சொல்றியா?"

"அது என்ன கொதிகலனா, வெடிக்க?"

"வெடிக்கிறது எதுவும் சொல்லிட்டு வெடிக்காது. இதாவது சொல்லுது. நன்றி விசுவாசம் வேணும்."

அன்றைக்கே எனக்குச் சந்தேகம்தான். அப்பாவிடம் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவரை நம்பி யாரும் ஒரு ஆபத்தை ஒப்படைத்ததில்லை. அந்த வாரம் அவர் நடையே மாறியிருந்தது. நாம் நம்ப விரும்புகிற குரலில் வந்து சொல்கிற பொய்யைப் பொய் என்று எடுத்துச் சொல்லக் கொஞ்சம் கல்நெஞ்சம் வேண்டும். என்னிடம் அன்று அது இல்லை. அதற்குள் சட்டம் வேறு விரிந்துகொண்டே போயிற்று. என் கைபேசியும் அதே வீட்டு இணையத்தில் இருப்பதால் அதிலும் உன்னோடு பேச மாட்டேன் என்றார். "அவ புது இடத்துல சேர்ந்திருக்கா. நம்ம வீட்டுச் சனியன் அவ கம்பெனிக்குள்ள பூந்துச்சுன்னா அவளைத்தானம்மா சொல்லுவாங்க?" என்றார். கவனித்தாயா அக்கா? உன் கம்பெனியின் நலனில் அக்கறை. கோபக்காரர் பேசுகிற பேச்சா இது?

பிறகு எங்கள் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவளிடம் சொன்னேன். எந்தக் கணினியைக் கண்டாலும் முதலில் "உச்" கொட்டுவாள், அதனால் அவளுக்கு உச்சு என்றே பெயர். முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் பாதுகாப்புக்காரனை நீங்க போட்டீங்களாடி?" என்றாள். "இல்ல, தானா வந்தான்" என்றேன். "கூப்பிடாம வீட்டுக்குள்ள வந்து, ஐயோ திருடன் இருக்கான்னு கத்துறவன் யாரு? அவன்தான் திருடன்" என்று சொல்லி ஒரு உச் கொட்டினாள். இதை இவ்வளவு சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

சனிக்கிழமை அவள் ஒரு பென் டிரைவோடு வீட்டுக்கு வந்தாள். அப்பா வாசலிலேயே நிறுத்தி அது எங்கிருந்து வருகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரித்தார். நிஜமான வைரஸ் தடுப்பு மென்பொருளை, அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து, அலுவலகக் கணினியில் இறக்கி எடுத்து வந்திருப்பதாக அவள் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. தாம் பக்கத்தில் நிற்கும்வரை அட்டையைக் கழற்றாமலே வேலை செய்யலாம் என்று அனுமதி தந்தார். அவள் அட்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணினியைத் திறந்தாள். உடனே சிவப்பு ஜன்னல். அவள் எதைத் திறந்தாலும் அதற்கும் நோய் என்றது. கணக்குப் போடும் கால்குலேட்டருக்கு நோய், அம்மாவின் சீட்டுக்கட்டுக்கு நோய், கொண்டுவந்த மருந்துக்கே நோய். "பார்த்தீங்களாப்பா, போலீஸைக் கண்டதும் திருடன் போலீஸைத் திருடங்கறான்" என்று சொல்லி, அணைத்துவிட்டுப் பாதுகாப்பான முறையில் மறுபடி திறக்கப் போவதாகச் சொன்னாள். அத்தியாவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு கணினி எழுந்திருக்குமாம், அந்தப் போலி எழுந்திருக்காதாம். அப்பா திகைத்துப் போனார்.

"பாதுகாப்பான முறைன்னு ஒண்ணு இருக்காம்மா?"

"இருக்குப்பா."

"அப்ப இத்தனை நாளும் எந்த முறையில ஓட்டிட்டிருந்தோம்?"

உச்சு ஒரு உச் கொட்டிவிட்டு வேலையைத் தொடங்கினாள். நிஜ மென்பொருள் ஒவ்வொரு கோப்பாக நிதானமாகத் துழாவியது, நாங்கள் டீ குடித்து, அம்மா உச்சுவின் குடும்ப வரலாறு முழுவதையும் கேட்டு முடிக்கும்வரை. கடைசியில் வாயில் நுழையாத பெயருள்ள ஒரு கோப்புறையில் பதுங்கியிருந்ததைப் பிடித்து அழித்தது. கணினி திறக்கும்போதெல்லாம் தானாக எழும்ப அந்தப் போலி செய்துவைத்திருந்த ஏற்பாட்டையும், நம் இணையத்தை வேறு வாசல் வழியாகத் திருப்பிவிட்டிருந்ததையும் உச்சு தேடி நீக்கினாள். வழக்கம்போல் திறந்து, இன்னொரு தடவை சோதித்தாள். நிலுவையில் கிடந்த புதுப்பிப்புகளைப் போட்டாள். கடவுச்சொற்களை எல்லாம் மாற்றச் சொன்னாள். அம்மா தன்னுடையதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். சொல்லவே கூடாது என்று உச்சு சொன்னதும், "அப்ப சரி, இவரோடது என்னன்னு மட்டும் சொல்லு" என்றாள்.

எல்லாம் முடிந்தது. கணினி பளிச்சென்று இருந்தது. அப்பா அட்டையைக் கழற்றவில்லை.

"அப்பா, இது இப்ப என் கம்ப்யூட்டரை விடச் சுத்தம்" என்றாள் உச்சு.

"சுத்தமா இருக்குன்னு சொல்றது வேற, ஓடவிடறது வேறம்மா. கொஞ்ச நாள் கண்காணிப்புல இருக்கட்டும்."

மறுநாள்தான் நீ கடைசியாகக் கூப்பிட்டாய். அவர் குளித்தார். ஆகவே அக்கா, இதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. முறைப்படி நடக்கிற ஒரு மனிதர், ஒரு போலி எச்சரிக்கையை நிஜமாக நம்பி, உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அது போலி என்பது இன்னும் அவருக்கு முழுதாகப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். நீயாக ஏதும் சொல்லி அவர் மனதை நோகடித்துவிடாதே. அவர் சட்டப்படி இந்த வீட்டிலிருந்து உன்னிடம் வர அனுமதி உள்ள ஒரே பொருள் காகிதம் என்பதால்தான் கடிதம் எழுதுகிறேன். அடுத்த முறை கூப்பிடும்போது எடு.

அத்தானுக்கு என் அன்பு. உன் பொம்மைகளின் கூர்முனைகளை அப்பா கண்ணில் படுமுன் மழுக்கிவிடு. நல்லதே நடக்கட்டும்.

உன் தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியதில் முக்கால்வாசி தவறு. உறையில் போடுமுன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்து அறையில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஒரு திருத்தம். நான் ஏமாந்தது முதல் நாள் மட்டும்தான்."

"என்னப்பா சொல்றீங்க?"

"மறுநாளே ஒருதரம் திறந்து பார்த்தேன். மொத்தக் கம்ப்யூட்டரையும் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சோதிச்சு முடிச்சிடுச்சு. சர்வீஸ்ல அந்த மாதிரி ஆளுங்களைப் பார்த்திருக்கேன். உள்ளே இறங்காமலே கையெழுத்துப் போடறவன். பழுதுன்னு சொன்ன வாயாலேயே, என்கிட்டயே வாங்கிக்கோன்னு சொல்றவன் ஆய்வாளனா? தரகன்."

"அப்ப எதுக்குங்க அந்த அட்டை? நாங்க ரெண்டு பேரும் பைத்தியமா?" என்றாள் அம்மா.

செய்தித்தாள் மடிகிற சத்தம் கேட்டது.

"விழுந்தா என்னைக் கூப்பிடாதன்னு சொல்லிட்டேன். யாரும் விழக் கூடாதுன்னு ஊர் ஊராப் போய் வேலி கட்ட வெச்சவன் பெத்த பொண்ணுகிட்டப் பேசற பேச்சா அது? அதுக்கப்புறம் அவ முகத்தைப் பார்த்து எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. ஏதோ ஒரு சாக்கு கெடச்சுது, பிடிச்சுக்கிட்டேன்."

"அப்ப ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த இஸ்திரி போட்ட சட்டை?"

"இன்னைக்குப் பேசிடலாம்னுதான் போடுவேன்."

அப்பா எழுந்து போய் அட்டையைக் கழற்றிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார். இனி இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. உறையில் தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் அனுப்புகிறேன். அவர் உன்னை நான்கு தடவை கூப்பிட்டார். நான்காவது தடவை நீ எடுத்தாய்.